லோடு வண்டிக்கு நியாய விலை

2025 செப்டம்பர் 22ஆம் தேதி புதிய சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரியோடு சேர்த்து 10 லட்ச ரூபாய்க்கு விற்ற ஒரு டீசல் பிக்கப், அந்தக் கணக்குப்படி ஏறத்தாழ 9 லட்சத்து 22 ஆயிரத்துக்கு இறங்க வேண்டும். புது வண்டிக்குக் காத்திருந்தவருக்கு நல்ல சேதி. ஆட்டோ கன்சல்டிங் யார்டுகளில் நின்ற பழைய வண்டிகளுக்கு என்ன ஆனது? முந்தின இரவு அவற்றில் ஒரு போல்ட் கூடக் கழன்று விழவில்லை, மீட்டர் ஒரு கிலோமீட்டர் நகரவில்லை. ஆனாலும் வாங்க வருகிறவர் நேற்றைய விலையைக் கொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லாமல் போய்விட்டது. பழைய லோடு வண்டியின் விலை இஞ்சினுக்குள் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் முதலில் பானெட்டைத் திறக்கிறோம். இந்த வியாபாரத்தின் எண்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால், விலையின் பெரும்பங்கைத் தீர்மானித்தது எப்போதும் வண்டிக்கு வெளியே இருந்த ஏதோ ஒன்றுதான். முதலில் அது பெர்மிட், பிறகு கடன், இப்போது சட்டம் வண்டிக்கு விட்டுவைத்திருக்கும் ஆயுள். ஆகவே புது விலையிலிருந்து ஆண்டுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வரும் வழக்கமான கணக்கு அடிப்படையிலேயே கோணல். வண்டி இனிமேல் எவ்வளவு சம்பாதிக்கும் என்பதிலிருந்து தொடங்குவதே நேர்வழி.

பெர்மிட்டிலிருந்து பார்ப்போம். 1930களில் லாரிகள் ரயிலோடு போட்டி போடத் தொடங்கியபோது, ரயில்வேயில் பெரும் பணம் முடக்கியிருந்த அன்றைய அரசுக்கு அது ரசிக்கவில்லை. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்தக் கவலைக்கும் பங்கு உண்டு. வாடகைக்குச் சரக்கு ஏற்ற வேண்டுமானால் பெர்மிட் வேண்டும். அது எந்த வட்டாரத்துக்கு என்பதைப் போக்குவரத்து அதிகாரம் முடிவு செய்யும். அதன் அனுமதி இல்லாமல் பெர்மிட் பெயர் மாறாது. இந்த ஏற்பாடு சுதந்திரத்துக்குப் பிறகும் நாற்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. எண்ணிக்கையில் குறைவாக வைக்கப்பட்ட எந்தக் காகிதத்துக்கும் சந்தை விலை முளைத்துவிடும். பழைய வண்டியை வாங்கியவர் உண்மையில் வாங்கியது ஒரு பாதையில் ஓடும் உரிமையை. இரும்பு கூடவே வந்தது. ஆர்.சி.யில் ஒருவர் பெயரும் ஸ்டியரிங்கில் இன்னொருவர் கையுமாக ஓடிய வண்டிகளும் அந்தச் சட்டத்தின் பிள்ளைகள்தான். 1975இல் நேஷனல் பெர்மிட் வந்து மாநில எல்லைகளைக் கொஞ்சம் தளர்த்தியது. அதற்கும் மாநிலவாரியாக எண்ணிக்கை வரம்பு இருந்ததால், அந்தப் பெர்மிட் உள்ள வண்டிக்குத் தனி மவுசு சேர்ந்தது.

புது வண்டி தயாரிக்கவும் லைசென்ஸ் வேண்டியிருந்த காலம் அது. தயாரிப்பாளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிறிய டீசல் வண்டி என்றால் 1969இல் வந்த டெம்போ மேட்டடார்தான் நீண்ட நாள் ஊருக்குள் தெரிந்த முகம். எண்பதுகளின் நடுவில் இந்த ஒழுங்கைக் குலைக்க நான்கு ஜப்பானியக் கூட்டுகள் வந்தன: டி.சி.எம். டொயோட்டா, ஐஷர் மிட்சுபிஷி, ஸ்வராஜ் மாஸ்டா, ஆல்வின் நிஸான். இலகுவான ஸ்டியரிங், சத்தம் குறைந்த கேபின் என்று டிரைவர்களுக்கு அவற்றைப் பிடித்திருந்தது. டாடாவின் டெல்கோ நிறுவனம் 1986இல் தன் சொந்த வடிவமைப்பான 407ஐ இறக்கியது. ஜப்பானிய யென் மதிப்பு 1985க்குப் பிறகு கிடுகிடுவென ஏறியதில், அங்கிருந்து வரவேண்டிய பாகங்களின் விலையும் ஏறியது. ஆல்வின் நிஸான் சில ஆண்டுகளில் மஹிந்திராவிடம் போனது, டி.சி.எம். பிற்பாடு டேவூவோடு சேர்ந்தது. 407 நிலைத்தது. எது சிறந்த இஞ்சின் என்ற கேள்வியின் முடிவாக இதைப் படித்தால் தப்பு. பழைய வண்டி வாங்குகிறவருக்கு வேண்டியது, நடுவழியில் நின்றால் பக்கத்து ஊர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேர் கிடைக்கும் என்ற உறுதி. பெயர் மாறிக்கொண்டே இருக்கும் கம்பெனியின் வண்டி எவ்வளவு நேர்த்தியாக ஓடினாலும் அந்த உறுதியைத் தர முடியாது. மறுவிற்பனை விலையைச் சாலையோர மெக்கானிக்கின் அலமாரி தீர்மானித்த காலம் என்று அதைச் சொல்லலாம்.

1988ஆம் ஆண்டின் புதிய மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் 66ஆம் பிரிவில் அதிகம் பேசப்படாத ஒரு விலக்கு உண்டு: மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. அந்த எடைக்குள் லாபகரமாக ஓடக்கூடிய நான்கு சக்கர டீசல் வண்டி பரவலாக வராதவரை, இந்த வரியின் பலனை அனுபவித்தவர்கள் பெரும்பாலும் மூன்று சக்கர லோடு ஆட்டோக்காரர்கள்தான். 2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், 700 சி.சி. அளவில் டீசல் இஞ்சின், விலை இரண்டேகால் லட்சத்தை ஒட்டி. தமிழ்நாடு அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதிக பாரம் ஏற்றுவதற்கு எதிராகக் கறாரான தீர்ப்பு தந்தது. பெரிய லாரி நெடுஞ்சாலையோடு நிற்க, ஊருக்குள் பிரித்துக் கொண்டுபோகும் வேலை சின்ன வண்டிக்கு வந்தது. பொலேரோ பிக்கப் ஏற்கெனவே இருந்தது. 2011இல் அசோக் லேலண்ட் தோஸ்த் ஓசூரிலிருந்து சேர்ந்துகொண்டது. இவ்வகையின் கீழ்த்தட்டு வண்டிகளின் விலையிலிருந்து பெர்மிட் என்ற பங்கு அடியோடு மறைந்துவிட்டது. அப்படியானால் இனி விலை இரும்புக்கு மட்டும்தானே என்று நினைக்கத் தோன்றும். அந்த இடத்தைக் கடன் பிடித்துக்கொண்டது.

வண்டிக் கடனில் தமிழ்நாடு முன்னத்தி ஏர். சுந்தரம் ஃபைனான்ஸ் 1954இல் தொடங்கியது, சோழமண்டலம் 1978இல். 1979இல் சென்னையில் ஆர். தியாகராஜனின் ஸ்ரீராம் குழுமம் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், வங்கிகள் வாசல்படி ஏற்றாத ஆட்களைத் தேடிப் போனது: ஒரே வண்டி வைத்து அதைத் தானே ஓட்டுகிறவர், அதுவும் பழைய வண்டி வாங்குகிறவர். சம்பளச் சீட்டு இல்லாத ஒருவரின் நாணயத்தை அவர் ஓட்டும் லோடையும் அவருக்குத் தெரிந்தவர்களையும் வைத்து எடைபோடலாம் என்ற அந்தத் துணிச்சல் பல்லாயிரம் குடும்பங்களை முதலாளிகளாக்கியது. அதோடு இன்னொன்றும் நடந்தது. வாங்குகிறவர் தன் கையிருப்பைப் பார்த்து விலை பேசுவதை விட்டு, மாதத் தவணையைப் பார்த்து விலை பேசத் தொடங்கினார். இந்த மாற்றத்தின் கனம் கணக்குப் போட்டால்தான் உறைக்கும். ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் 3 லட்ச ரூபாய் கடன், 36 மாதம் என்றால் தவணை 10,846 ரூபாய். வண்டிக்கு வயதாகிவிட்டது, 24 மாதம்தான் தருவோம் என்று ஃபைனான்ஸ் கம்பெனி சொன்னால், அதே தவணைக்குக் கிடைக்கும் கடன் 2 லட்சத்து 17 ஆயிரம்தான். வண்டி அதே வண்டி. கடன் தரும் காலத்தில் ஓராண்டு குறைந்ததற்கு, வாங்குகிறவர் தரக்கூடிய விலையில் 83 ஆயிரம் ரூபாய் காணாமல் போகிறது. இஞ்சினில் எந்தப் பழுதைக் காட்டி இவ்வளவு குறைக்க முடியும்?

நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்ற பேச்சையும் இங்கேயே பார்த்துவிடலாம். கேட்கும்போது ஆண்டுக்கு 12 சதவீதம் போலத் தோன்றும். முதல் முழுவதற்கும் கடைசி மாதம்வரை வட்டி போடும் ஃபிளாட் கணக்கில், 3 லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 1 லட்சத்து 8 ஆயிரம்; தவணை 11,333. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் இதைத் திருப்பிப் போட்டால் ஏறத்தாழ 21 சதவீதம் வருகிறது. வண்டி விலையில் ஐயாயிரம் குறைக்க அரைநாள் வாதாடுகிறவர், இந்த ஒரு ரூபாயை வாதமின்றி ஏற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்.

விலை வண்டிக்கு வெளியே இருக்கிறது என்ற வாதத்துக்கு அறிவார்ந்த மறுப்பு ஒன்று உண்டு. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் எழுதிய கட்டுரை, பழைய கார்ச் சந்தையை எடுத்துக்கொண்டு வாதாடியது: வண்டியின் ஒளிந்த குறை விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் தருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மாட்டார். சந்தையில் மோசமானவையே மிஞ்சும். 2001இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த சிந்தனை இது. அப்படியென்றால் விலையின் உயிர்நிலை இஞ்சினுக்குள் ஒளிந்திருக்கும் ரகசியம்தானே? காருக்கு இது பொருந்தலாம். லோடு வண்டிக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பதற்கு அதே அமெரிக்காவிலிருந்து சான்று இருக்கிறது. எரிக் பாண்ட் என்பவர் 1982இல் வெளியிட்ட ஆய்வு, பழைய பிக்கப் டிரக்குகளையே எடுத்துக்கொண்டது. வயதையும் ஓடிய தூரத்தையும் சமன்செய்து பார்த்தபோது, கைமாறிய வண்டிகள் முதல் உரிமையாளரிடமே இருந்த வண்டிகளைவிட அதிகப் பெரிய பழுது பார்க்க வேண்டியிருந்ததாகத் தெரியவில்லை. நம் ஊரில் இது இன்னும் எளிதாகப் புரியும். லோடு வண்டி வாங்க வருகிறவர் பெரும்பாலும் டிரைவராக வேலை பார்த்தவர். கூடவே ஒரு மெக்கானிக்கையும் அழைத்து வருவார். விற்கிறவருக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அரைமணி நேரத்தில் இவர்களுக்கும் தெரிந்துவிடும்.

அந்த அரைமணியில் என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். இஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று கையை வைத்துப் பார்ப்பார்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்த வண்டியில் காலை ஸ்டார்ட்டிங் தொல்லை தெரியாது. புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. ஓடும் இஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால், பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டி அங்கே புகையைக் கக்கும். புளோ பை என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வது இதை. மீட்டரை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. என்ன லோடு ஏற்றினாய் என்ற கேள்விக்குத்தான் மதிப்பு. பால் வண்டி அதிக தூரம் ஓடியிருக்கும், ஆனால் வேளை தவறாமல் சர்வீஸ் பார்த்திருக்கும். மீன் வண்டி கம்மியாக ஓடியிருந்தாலும், பெட்டியிலிருந்து உருகி வழியும் ஐஸ் தண்ணீரும் உப்பும் தளத்தகட்டையும் சேசிஸையும் அடியிலிருந்து தின்றிருக்கும். மேலே பட்டி பார்த்து அடித்த புதுப் பெயின்ட் அதை மறைக்கும், கீழே படுத்துப் பார்த்தால் மறையாது. பின்பக்க ஸ்பிரிங்கில் கம்பெனி தராத கூடுதல் பட்டை இருந்தால், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி என்று அதுவே வாக்குமூலம் கொடுத்துவிடும். இவையெல்லாம் தேவைதான். ஆனால் இந்தக் குறை ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை உண்டு. இஞ்சின் வேலைக்கு இவ்வளவு, டயர் நாலுக்கு இவ்வளவு என்று மெக்கானிக் வாய்க்கணக்காகச் சொல்லிவிடுவார், விலையில் அதைக் கழித்துக்கொள்ளலாம். துருப்பிடித்த சேசிஸ் ஒன்றுதான் விதிவிலக்கு. அதைக் கழிக்கத் தொகை கிடையாது, விட்டுவிட்டு நடந்துவிட வேண்டும்.

இன்னொரு மறுப்பு, எதற்கு இந்த வம்பு, இன்சூரன்ஸ் அட்டவணையைப் பார்த்தால் போதாதா என்பது. இந்தியன் மோட்டார் டாரிஃப் 2002இல் வகுத்த தேய்மானம் இன்றும் ஐ.டி.வி. என்ற காப்பீட்டு மதிப்புக் கணக்கின் முதுகெலும்பு. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, பிறகு ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி, ஐந்தாம் ஆண்டு முடிவில் 50. பால் வண்டிக்கும் மீன் வண்டிக்கும் இதில் வித்தியாசமே இல்லை. அதைவிட முக்கியமானது, ஐந்து ஆண்டுக்கு மேல் போனால் கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்று அட்டவணை கைவிரித்துவிடுகிறது. தனியாள் ஒருவர் வாங்கக்கூடிய விலைக்குப் பிக்கப் இறங்கி வருவது பெரும்பாலும் அந்த ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகுதான். தேவைப்படும் இடத்தில் நின்றுபோகும் அளவுகோலை வைத்து என்ன செய்வது?

கடனுக்குப் பிறகு சட்டம். டீசல் வண்டிக்குக் கூடுதல் விலை கொடுத்த வழக்கத்துக்கே அரசு விலை நிர்ணயம் ஒரு பெரிய காரணம். பெட்ரோல் விலையை 2010இல் விடுவித்த அரசு டீசலை 2014 அக்டோபர்வரை பிடித்து வைத்திருந்தது. 2012 மே மாதம் டெல்லியில் இரண்டுக்கும் இடையே லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. இன்று அது ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லித் தலைநகர் வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்றது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நல்ல நிலையில் இருந்த வண்டிகள் என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு மலிவு விலைக்கு வேறு மாநிலங்களுக்குப் பயணப்பட்டன. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. புகையை வடிகட்டும் கருவியும் சென்சார்களும் கொண்ட புதிய இஞ்சினுக்கு ஸ்கேனர் இல்லாமல் சாலையோர மெக்கானிக்கால் வைத்தியம் பார்க்க முடியாது என்பதால், பல ஓனர்கள் அதற்கு முந்தைய வண்டிகளைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். இன்னொரு பக்கம், பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளின் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக் கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்த்துவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். குட்டி யானைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, செத்தால் கிலோக் கணக்கு இரும்பு விலைதான்.

சட்டம் விலையை எதிர்த்திசையிலும் தள்ளும் என்பதை இலங்கை காட்டியது. 2020இல் அங்கே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்து 2025 தொடக்கத்தில்தான் பரவலாகத் திறக்கப்பட்டது. நம் குட்டி யானைக்கு அங்கே டிமோ பட்டா என்று பெயர். அந்தப் பட்டாக்களும் ஜப்பானியப் பழைய வண்டிகளும், ஓடி ஓடித் தேய்ந்த நிலையிலும், வாங்கிய விலைக்கு மேல் கைமாறின. தேய்மான அட்டவணையை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ அந்த ஆண்டுகளில் யாராவது விரித்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆக, நியாய விலையை எப்படிக் காண்பது? ஒரு வண்டி மாதம் 50 ஆயிரம் வாடகை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டீசல், ஆயில், டயர், ரிப்பேர், இன்சூரன்ஸ், எஃப்.சி. செலவை மாதத்துக்குப் பிரித்தால் 24 ஆயிரம். ஓட்டுகிறவரின் உழைப்புக்கு 16 ஆயிரம். தானே ஓட்டினாலும் இதை ஒதுக்கத்தான் வேண்டும், பலர் சறுக்குவது இங்கேதான். மீதி 10 ஆயிரம். வண்டி இன்னும் மூன்று ஆண்டு சிக்கலின்றி ஓடும், 18 சதவீத வட்டிக்குத்தான் பணம் கிடைக்கும் என்றால், அந்தப் பத்தாயிரம் தாங்கக்கூடிய விலை 2 லட்சத்து 77 ஆயிரம். மூன்றாண்டு கழித்து விற்றால் கிடைக்கும் சிறு தொகைக்காக இதன்மேல் கொஞ்சம் ஏற்றலாம்; உடனடி ரிப்பேர் இருந்தால் கழிக்கலாம். விற்கிறவர் நாலு லட்சம் சொன்னால், புது வண்டியின் பாதி விலைதானே என்று ஆறுதல் சொல்லிக்கொள்வதில் பயனில்லை. வாடகை நிலையாக இருக்குமா, எதிர்காலத்தை யார் கண்டார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். புது விலையிலிருந்து கழிப்பவரும் அதே எதிர்காலத்தின்மேல்தான் பந்தயம் கட்டுகிறார். அவர் அதைத் தாளில் எழுதிப் பார்க்கவில்லை, அவ்வளவே. எழுதிப் பார்ப்பவருக்கு வாடகை ஐந்தாயிரம் விழுந்தால் என்ன ஆகும் என்றாவது முன்கூட்டித் தெரியும். மேலே சொன்ன கணக்கில், தாங்கும் விலை சரிபாதியாகிவிடும்.

இணையத்தில் விலை பார்க்கும் வசதி வந்த பிறகு எல்லாம் வெளிச்சமாகிவிட்டது என்று சொல்வோர் உண்டு. நம் மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டைப் போட்டு மூடி, அதனடியில் விரல் பிடித்து விலை பேசுவார்; பக்கத்தில் நிற்பவருக்குத் தொகை தெரியாது. வண்டிப் புரோக்கர் இன்றும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறார். திரையில் தெரிவது சொல்லும் விலை, படிந்த விலை துண்டுக்கு அடியிலேயே இருக்கிறது. நிலத்துக்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வழிகாட்டி மதிப்பு என்று ஒன்றாவது உண்டு. லோடு வண்டிக்கு அதுவும் இல்லை. படிந்த விலையைக் குவியலாகக் கையில் வைத்திருப்பவை ஃபைனான்ஸ் கம்பெனிகள்தான். தவணை தவறிப் பிடித்த சீஸிங் வண்டிகளை ஏலம் விட்டு வருகின்றன. எந்த மாடல், எந்த ஆண்டு, எந்த மாவட்டம், என்ன விலைக்குப் போனது என்ற நான்கு விவரங்களை, உரிமையாளர் பெயர் இல்லாமல், மாதந்தோறும் அவை வெளியிட வேண்டும். கடன் வாங்கியவரின் வண்டியை விற்ற விலை பொதுவில் தெரிவதில் நேர்மையான கம்பெனிக்கு நட்டம் எதுவும் வராது. ரிசர்வ் வங்கி இதைக் கேட்டு வாங்கலாம். லாரி உரிமையாளர் சங்கங்கள் அதைக் கேட்கச் சொல்லி வற்புறுத்தலாம். அதுவரை பிக்கப் பார்க்கப் போகிறவர் பானெட்டைத் திறப்பதற்கு முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளட்டும்: எஃப்.சி. எந்தத் தேதிவரை, இந்த வயது வண்டிக்கு எத்தனை மாதக் கடன், இது இதுவரை ஏற்றிய லோடு என்ன.